எருசலேமில் பதினைந்து நாள்

புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டுக்குப் போனால் கண்ணில் படுவது அதிகம் இல்லை. அரியாங்குப்பம் ஆறு, மரத்தோப்பு, இடிந்து நிற்கும் செங்கல் சுவர், அவ்வளவுதான். செய்தியெல்லாம் மண்ணுக்குள் கிடந்தது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே குழி போட்டபோது, நம்மூர்ப் பானை ஓடுகளுக்கு நடுவே செந்நிறத்தில் பளபளக்கும் ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் குயவரின் முத்திரை, லத்தீன் எழுத்தில். இத்தாலியின் அரெஸ்ஸோ சூளைகளின் பெயரால் அறியப்படும் பாத்திர வகை அது. அந்தச் சரக்கு எப்போது சந்தைக்கு வந்தது, எப்போது நின்றுபோனது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அதன் ஓட்டம் முடிகிறது. ஆகவே ஓடு கிடந்த மண்ணடுக்குக்கு ஒரு காலம் கிடைத்தது. அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் கிடைத்தது. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டி, வீலர் சொன்னதில் பலவற்றைத் திருத்தினார்கள். ரோம வணிகம் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார்கள். இத்தாலியிலிருந்து வந்த ஓடு மட்டும் இத்தாலியிலிருந்து வந்ததாகவே இருந்தது.

இயேசுவின் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசவந்த இடத்தில் பானை ஓட்டுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அந்த ஓடுகள் நம் கரையில் இறங்கிய நாட்களில் ரோமை ஆண்டவர்கள் அகஸ்டஸும் அவருக்குப் பின் வந்த திபேரியுவும். லூக்கா தன் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தைத் தொடங்கும்போது ‘திபேரியுராயன் ராஜ்யபாரம்பண்ணின பதினைந்தாம் வருஷத்திலே’ என்று நாள் குறிக்கிறாரே, அதே திபேரியு. அவர் தலை பொறித்த வெள்ளிக் காசு கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. ‘இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது’ என்று இயேசு கேட்ட காசும் அந்த வகைதான் என்பது பொதுவான கருத்து. ஆக, நாம் பேசப்போவது காலம் தெரியாத ஒரு பழங்கதையைப் பற்றி அல்ல. நம்மூர் மண்ணிலேயே அடுக்குப் பிரித்துக் காட்டக்கூடிய ஒரு காலத்தைப் பற்றி. அந்தக் காலத்துச் செய்தியைச் சோதிக்கும் முறையும் ஒன்றுதான்: சான்று சம்பவத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, தொடர்பில்லாத இன்னொரு சான்றோடு பொருந்துகிறதா, சொன்னவருக்கு அதைச் சொல்வதில் ஆதாயமா நட்டமா.

பங்கு இளைஞர் கூட்டத்திலும் ஞாயிறு பள்ளியிலும் இந்த விஷயம் பெரும்பாலும் தப்பான முனையிலிருந்து தொடங்குகிறது. எடுத்த எடுப்பில் காலி கல்லறை, உடனே இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் தூரின் துணி, அடுத்து வாட்ஸ்அப்பில் வந்த ‘பிலாத்துவின் கடிதம்’. கேட்கிறவர் ஒன்றைத் தட்டிவிட்டால் மொத்தமும் சரிகிறது. தொடங்க வேண்டிய இடம் வேறு.

இயேசு என்று ஒருவர் வாழ்ந்தாரா என்ற கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. ரோம வரலாற்றாசிரியர் தாசித்து கி.பி. 116 அளவில் எழுதுகிறார். 64இல் ரோம் எரிந்தபோது நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டதைச் சொல்லி, அந்தப் பெயருக்குக் காரணமான கிறிஸ்து என்பவர் திபேரியு ஆட்சியில் யூதேயா ஆளுநர் பொந்தியு பிலாத்துவால் கொல்லப்பட்டார் என்கிறார். கிறிஸ்தவத்தைக் கேடான மூடநம்பிக்கை என்று வெறுத்தவர் அவர். நமக்குச் சாதகமாக எழுத அவருக்கு ஒரு தேவையும் இல்லை. பிலாத்துவின் பெயர் வெட்டிய சுண்ணாம்புக்கல் 1961இல் செசரியாவின் பழைய நாடக அரங்கில், படிக்கல்லாக மறுபடி பயன்படுத்தப்பட்ட நிலையில் கிடைத்தது.

யூத வரலாற்றாசிரியர் யோசேபு கி.பி. 93 அளவில் இரண்டு இடங்களில் இயேசுவைக் குறிப்பிடுகிறார். இங்கே கவனம் வேண்டும். நீளமான குறிப்பில் ‘அவரே கிறிஸ்து’ என்று ஒரு வரி வருகிறது. அதை அப்படியே எடுத்து வீசுகிறவர்கள் உண்டு. அது பின்னால் வந்த கிறிஸ்தவ எழுத்தர் ஒருவரின் இடைச்செருகல். மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகேன், யோசேபு இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஏட்டுச்சுவடி பார்த்துப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. படி எடுக்கிறவர் ஓரத்தில் எழுதியது அடுத்த படியில் உள்ளே வந்துவிடும். ஒரு வரி நுழைந்ததற்காக முழு நூலைத் தூக்கிப்போடுவதில்லை, நுழைந்த வரியைப் பிரித்து வைக்கிறோம். இரண்டாவது குறிப்பு சிறியது, அதில் சிக்கல் குறைவு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி மையமான இடம். புதிய ஏற்பாட்டில் உயிர்த்தெழுதலைப் பற்றிய மிகப் பழைய எழுத்து நான்கு நற்செய்திகளில் எதிலும் இல்லை. முதலில் கிறிஸ்தவர்களை வேட்டையாடி, பிறகு அப்போஸ்தலரான பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் காலத்தை யார் வேண்டுமானாலும் விரல் விட்டு எண்ணலாம். கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டுத் துண்டில் பேரரசர் கிலவுதியுவின் பெயரும், அகாயா நாட்டு ஆளுநர் கல்லியோனின் பெயரும் வருகின்றன. கிலவுதியு படைவெற்றிக்காக 26ஆம் முறை வாழ்த்து முழக்கம் பெற்ற சமயம் என்று கல்வெட்டு சொல்வதால், கல்லியோன் பதவியில் இருந்தது கி.பி. 51, 52 என்று பிடித்துவிடலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தின்படி கொரிந்துவில் பவுலைக் குற்றம்சாட்டிக் கொண்டுபோய் நிறுத்தியது இந்தக் கல்லியோன் முன்னால்தான். பவுல் அங்கே தங்கியது ஒரு வருடம் ஆறு மாதம். பிறகு எபேசுவுக்குப் போகிறார். அங்கிருந்துதான் இந்தக் கடிதம். பெந்தெகொஸ்தே வரை எபேசுவில் இருப்பேன் என்று கடைசி அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். ஆகக் கடிதம் 54 அல்லது 55. இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33. இடைவெளி 21 முதல் 25 ஆண்டு.

இது எவ்வளவு காலம்? கடலூர்க்காரருக்கு விளக்கவே தேவையில்லை. 2004 டிசம்பர் 26 நடந்து இருபது ஆண்டு தாண்டிவிட்டது. தேவனாம்பட்டினத்தில் போய், அன்று கடல் உள்ளே வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். எந்தத் தெரு வரை தண்ணீர் வந்தது, யார் எந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், எந்த வீட்டில் யார் திரும்பவில்லை என்று நிறுத்தி வைத்துச் சொல்வார்கள். பிறந்தே இருக்காத பிள்ளைகூட அம்மா சொன்னதைச் சரியாகச் சொல்லும். சுனாமியை ஊரே பார்த்தது, உயிர்த்த இயேசுவைக் கண்டவர்கள் சில நூறு பேர். இரண்டும் ஒரே வகைச் சம்பவம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தின் நினைவு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு மட்டும் இந்த ஒப்பீடு. பவுலும் அதே தைரியத்தில்தான் எழுதுகிறார்: ‘ஐந்நூறுபேருக்கு அதிகமான சகோதரருக்கும் ஒரேவேளையில் தரிசனமானார், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்.’ இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்பதுதான் அந்த வரியின் பொருள். கொரிந்து துறைமுக ஊர். அங்கிருந்து யூதேயா பக்கம் போய்வர வழி உண்டு. அதே சபையில் உயிர்த்தெழுதலே இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சரிபார்க்க முனைகிற ஆட்கள் முன்னால் வைத்த பட்டியல்.

ஆனால் 54 அல்லது 55 என்பது கடிதத்தின் வயது மட்டும். அதற்குள் இருக்கும் வாசகம் அதைவிடப் பழையது. மூன்றாம் வசனத்தை மெதுவாகப் படித்தால் பிடிபடும்: ‘நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும் என்னவென்றால்...’ அடைதல், ஒப்புவித்தல் என்ற இரண்டும் யூத ஆசிரியர்கள் பாடத்தைக் கைமாற்றும்போது சொல்கிற சொற்கள். நம் ஓதுவார்கள் பாடம் கேட்டு, பிறகு பாடம் சொல்வதைப் போல. பவுல் தன் சொந்த வாசகத்தை எழுதவில்லை, மனப்பாடமாகக் கைக்கு வந்த ஒன்றை அப்படியே வைக்கிறார்.

இந்த இடத்தில் தமிழ் வேதாகமம் மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு சின்ன இழப்பு உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பு, ‘கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, வேதவாக்கியங்களின்படி மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்து, கேபாவுக்கும், பின்பு பன்னிருவருக்கும் தரிசனமானார்’ என்று எச்சங்களை அடுக்கி ஒரே மூச்சில் ஓடுகிறது. காதுக்கு அழகு. கிரேக்கத்தில் அப்படி ஓடவில்லை. ‘மரித்தார் என்றும், அடக்கம்பண்ணப்பட்டார் என்றும், உயிர்த்தெழுந்தார் என்றும், தரிசனமானார் என்றும்’ என நான்கு தடவை அந்த ‘என்றும்’ தனித்தனியாக அடிக்கிறது. கூட்டமாகச் சொல்லிப் பழக ஏற்ற நான்கு படி. முதல் படிக்கும் மூன்றாம் படிக்கும் ‘வேதவாக்கியங்களின்படி’ என்ற ஒரே முடிப்பு. இந்தத் தொடரும் ‘பன்னிருவர்’ என்ற சொல்லும் பவுலின் வழக்கமான நடையில் இல்லாதவை. பேதுருவுக்கு ‘கேபா’ என்ற அரமேயப் பெயர். எல்லாம் ஒரு பக்கமே கைகாட்டுகின்றன: இந்த வாசகம் கொரிந்துவில் பிறக்கவில்லை, எருசலேம் பக்கத்தில் பிறந்தது.

அங்கே அவர் அதை எப்போது அடைந்திருக்க முடியும்? கலாத்தியர் முதலாம் அதிகாரத்தில் அவரே கணக்குச் சொல்கிறார். தமஸ்குவில் மனம் திரும்பி மூன்று வருடம் கழித்து, ‘பேதுருவைக் கண்டுகொள்ளும்படி நான் எருசலேமுக்குப் போய், அவனிடத்தில் பதினைந்துநாள் தங்கியிருந்தேன்.’ கண்டுகொள்ளும்படி என்று மொழிபெயர்த்த கிரேக்கச் சொல்லில் விசாரித்து அறிதல் என்ற சாயலும் உண்டு. அடுத்த வரியில், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைத் தவிர வேறு அப்போஸ்தலரைக் காணவில்லை என்கிறார். அதற்கடுத்த வரியில், இதில் பொய்யில்லை என்று கடவுளை முன்வைத்துச் சொல்கிறார். பவுலின் மனமாற்றத்தைச் சிலுவைச் சாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்குள் வைப்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. ஆகவே அந்தப் பதினைந்து நாள், சம்பவம் முடிந்து ஐந்தாறு ஆண்டுக்குள். பேதுருவுக்கும் தரிசனமானார், யாக்கோபுக்கும் தரிசனமானார் என்று பவுல் எழுதுகிற இருவரும் அவர் நேரில் உட்கார்ந்து பேசிய இருவர்தான். இயேசுவின் உயிர்த்தெழுதலை மறுத்த ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் லூடமான்கூட, இந்த வாசகத்தின் உள்ளடக்கம் சிலுவைச் சாவுக்குப் பிறகு மூன்று ஆண்டுக்குள் உருவாகிவிட்டது என்றுதான் கொண்டார். கதை வளர்ந்து வளர்ந்து கடைசியில் உயிர்த்தெழுதலாக ஆனது என்று சொல்வோருக்கு, கதை வளர இடமே இல்லாத காலம் இது.

எனக்கு மற்ற எல்லாச் சான்றையும்விட இது பெரிது. ஒருவர் இந்த விஷயத்துக்கு ஒரே ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால், கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து 1 கொரிந்தியர் 15இன் முதல் பதினொரு வசனத்தையும் கலாத்தியர் முதல் இரண்டு அதிகாரத்தையும் படித்தால் போதும் என்பேன்.

சாவுக்கு வருவோம். ‘அவரு சாகவே இல்லண்ணே, மயக்கமா இருந்திருப்பாரு’ என்பது டீக்கடையில் முதலில் வரும் கேள்வி. இதற்கு யோசேபு தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதிய ஒரு நிகழ்ச்சியே பதில். எருசலேம் போரின்போது, சிலுவையில் தொங்கிய பலரில் தனக்கு அறிமுகமான மூன்று பேரை அவர் அடையாளம் கண்டு, ரோமத் தளபதி தீத்துவிடம் அழுது கெஞ்சுகிறார். மூவரையும் உடனே இறக்கி நல்ல மருத்துவம் பார்க்கச் சொல்லித் தீத்து கட்டளையிடுகிறார். இரண்டு பேர் வைத்தியர் கையிலேயே இறந்துபோனார்கள், ஒருவர் பிழைத்தார். உயிரோடு இறக்கி, மருத்துவம் பார்த்தும் இந்தக் கதி. இயேசுவுக்கோ அதற்கு முன்னால் சாட்டையடி, அதன்பின் ஈட்டிக் குத்து, மருத்துவம் ஏதுமில்லை. அப்படியே தப்பிப் பிழைத்துத் தவழ்ந்து வந்திருந்தாலும், அவரைப் பார்த்தவர்கள் கட்டுப்போட ஓடியிருப்பார்கள். சாவை வென்றவர் என்று விழுந்து வணங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்வி கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வரும். சிலுவையில் செத்தவர்களை ரோமர் கழுகுக்கும் நாய்க்கும் விடுவதுதானே வழக்கம், கல்லறை எங்கே வந்தது? பேரரசின் பல இடங்களில் அது உண்மைதான். யூதேயாவில் நிலைமை வேறு; சிலுவையில் அறையப்பட்டவர்களைக்கூடச் சூரியன் மறையுமுன் இறக்கி அடக்கம் செய்வது யூதர் வழக்கம் என்று யோசேபு எழுதியிருக்கிறார். 1968இல் அதற்குக் கண்கண்ட சான்றும் கிடைத்தது. எருசலேமின் வடபகுதியில் ஒரு குடும்பக் கல்லறை, உள்ளே எலும்புப்பேழை, அதில் யோகனான் என்ற பெயர், பெயருக்குரியவரின் வலது குதிகால் எலும்பில் 11.5 சென்டிமீட்டர் நீள இரும்பு ஆணி குறுக்கே இறங்கி நின்றது. ஆணியின் நுனி வளைந்துபோனதால் அதைப் பிடுங்க முடியாமல் காலோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அடித்த ஆணிகளைப் பிடுங்கியிருப்பார்கள், அதனால் நமக்கு அடையாளமும் மிஞ்சவில்லை. சிலுவையில் மாண்டவர் முறையாக அடக்கம் செய்யப்படலாம் என்பதற்கு இந்த ஒரு குதிகால் போதும்.

எலும்புப்பேழை என்றேன். அக்கால எருசலேம் வழக்கம் இதுதான்: பாறையில் குடைந்த அறையில் உடலைத் துணி சுற்றிக் கிடத்துவார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் திறந்து, எலும்புகளைச் சேகரித்துச் சுண்ணாம்புக்கல் பெட்டியில் வைப்பார்கள். பெட்டியின் நீளம் தொடை எலும்பு கொள்ளும் அளவு. பழைய குடும்பக் கல்லறையைத் திறந்து எலும்பை ஒதுக்கி அடுத்தவரை அடக்கம் செய்கிற நம்மூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியாது. இதிலிருந்து ஒன்று புரியும். கல்லறை என்பது ஒருமுறை மூடிவிட்டு மறந்துவிடும் இடமல்ல, மறுபடி போய்த் திறக்க வேண்டிய இடம். உடல் உள்ளே இருந்திருந்தால், உயிர்த்தெழுந்தார் என்று அதே ஊரில் பேசத் தொடங்கியவர்களை மறுக்க ஒரு கல்லைப் புரட்டினாலே போதும். எதிர்த்தவர்கள் சொன்னதாக மத்தேயு குறிப்பதைப் பாருங்கள்: சீஷர்கள் களவாய்க் கொண்டுபோய்விட்டார்கள். உடல் உள்ளேதான் இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை.

கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமு ஏற்கெனவே வெள்ளைப்போளமும் கரியபோளமுமாக நூறு இராத்தல் வாசனைப்பொருள் கொண்டுவந்திருந்தார் என்கிறார் யோவான்; ரோம இராத்தல் கணக்கில் அது சுமார் 33 கிலோ. அப்படியும் ஓய்வுநாள் முடிந்ததும் பெண்கள் தங்கள் பங்குக்குக் கந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு விடியலில் போகிறார்கள். செத்த வீட்டில் யார் என்ன செய்து முடித்திருந்தாலும் தன் கையால் ஒருமுறை செய்யாமல் மனம் ஆறாத பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் உயிர்ப்பை எதிர்பார்த்துப் போகவில்லை, பிணத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் போனார்கள். பெண்களின் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று யோசேபு எழுதிய காலம் அது. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சு என்ற கிரேக்கர், வெறிபிடித்த ஒரு பெண் கண்டதாகச் சொன்ன கதை என்றே கேலி செய்தார். புனைகிறவன் அந்தக் கேலிக்கு வழிவைத்திருக்க மாட்டான். பேதுருவையோ யோவானையோ முதலில் அனுப்பியிருப்பான். நான்கு நற்செய்திகளும் மகதலேனா மரியாளை முதலில் வைப்பதற்கு, அதுதான் நடந்தது என்பதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பவுலின் பட்டியலில் பெண்கள் பெயர் இல்லாததற்கும், அது வெளியாருக்கு முன்வைக்கும் சாட்சிப் பட்டியல் என்பதே காரணமாக இருக்கலாம்.

நான்கு நற்செய்திகளும் விவரத்தில் வேறுபடுகின்றன. பெண்கள் எத்தனை பேர், தேவதூதர் ஒருவரா இருவரா, முதலில் சந்தித்தது எருசலேமிலா கலிலேயாவிலா. இதைச் சமாளிக்கிறேன் என்று எல்லாவற்றையும் வலுக்கட்டாயமாக ஒட்டவைப்பது ஒரு பெரிய தவறு. கேட்பவருக்கு ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் நான்கு வீட்டில் கேளுங்கள். காற்று எப்போது உச்சத்தில் இருந்தது, முதலில் சாய்ந்தது பலாவா முந்திரியா என்பதில் நான்கு பதில் வரும். புயல் வந்ததில் இரண்டு பதில் வராது. நற்செய்திகளிலும் அடிப்படை ஒன்றே: வாரத்தின் முதல் நாள், விடியல், மரியாள், புரட்டிய கல், உடல் இல்லை.

கட்டுக்கதை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அதற்கும் ஒரு மாதிரி கையில் இருக்கிறது. எகிப்தின் அக்மீமில் 1886-87 குளிர்காலத்தில் ஒரு கல்லறையிலிருந்து கிடைத்த ‘பேதுரு நற்செய்தி’ இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கல்லறையிலிருந்து மூவர் வெளியே வருகிறார்கள், இருவரின் தலை வானத்தைத் தொடுகிறது, நடுவிலிருப்பவரின் தலை வானத்தையும் தாண்டுகிறது, பின்னாலேயே சிலுவை நடந்துவந்து வாய் திறந்து பேசுகிறது. இதை மாற்கு 16:8 பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: ‘அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்.’ மிகப் பழைய இரண்டு முழுச் சுவடிகளிலும் மாற்கு அங்கே முடிந்துவிடுகிறது. 9 முதல் 20 வரையான வசனங்கள் பின்னால் சேர்ந்தவை; பாம்பைப் பிடிக்கலாம், நஞ்சைக் குடிக்கலாம் என்ற பகுதி அதில்தான் வருகிறது. உயிர்த்தெழுதலுக்கு ஆதாரம் காட்டும்போது அந்தப் பகுதியை விட்டுவிடுவதே நேர்மை. அதை எடுத்துவிட்டதால் ஒன்றும் குறைவதில்லை.

‘பிரிஞ்ச துக்கத்துல மனசு உண்டாக்குன காட்சிதான்’ என்பது எல்லாவற்றிலும் பலமான எதிர்க்கேள்வி. லூடமான் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். அப்பா இறந்த பதினாறு நாளுக்குள் ‘கனவில் வந்தார், இங்கேதான் உட்கார்ந்திருந்தார்’ என்று சொல்லாத வீடு நம்மிடம் உண்டா? அந்த அனுபவம் உண்மையானது, அதைக் கேவலமாகப் பேசக்கூடாது. ஆனால் அப்படிச் சொல்கிற யாரும் அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று சொல்வதில்லை. படையல் போடுகிறார்கள், கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். காட்சி, சாவை உறுதிப்படுத்தவே செய்கிறது. யூதர்களிடமும் அப்படித்தான். இறந்துபோன தன் சகோதரன் லாசருவைப் பற்றி மார்த்தாள் சொல்வதைக் கவனியுங்கள்: கடைசிநாளில் உயிர்த்தெழுவான் என்று அறிந்திருக்கிறேன். உயிர்த்தெழுதல் என்பது எல்லோருக்கும் ஒரே நாளில், உலக முடிவில். இடையில் ஒருவர் மட்டும் முன்கூட்டி எழுவார் என்று எதிர்பார்த்தவர்கள் இல்லை. அதிலும் மரத்தில் தூக்கப்பட்டவன் சாபத்துக்கு உள்ளானவன் என்று உபாகமம் சொல்ல, அப்படிச் செத்த ஒருவரை. துக்கம் இந்த எண்ணத்தை உண்டாக்கியிருக்காது. துக்கத்துக்கு அந்த எண்ணமே கைவசம் இல்லை. பவுலுக்கு இயேசுவின் சாவில் துக்கமும் இல்லை. அவர் அந்தக் கூட்டத்தை வேட்டையாடிக்கொண்டிருந்தவர்.

கையில் எடுக்கக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இவை செய்கிற சேதம் அதிகம். தூரின் துணியை 1988இல் மூன்று ஆய்வகங்கள் கரிமக் கணிப்பு செய்து 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றன. வாதம் இன்னும் ஓடுகிறது, சான்றாக வைக்கத் தகுதியில்லை. கல்லறையைக் கலைப்பவர்களுக்கு மரண தண்டனை என்னும் நாசரேத்துக் கல்வெட்டைப் பலர் காட்டுவார்கள். அதன் பளிங்கு கிரேக்கத்தின் கோஸ் தீவைச் சேர்ந்தது என்று 2020இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அதையும் மடித்து வைத்துவிடலாம். இயேசுவின் முடியையும் கண்ணையும் வருணிக்கும் ‘லெந்துலு கடிதம்’ இடைக்காலப் போலி.

‘பன்னிரண்டு பேரும் ரத்தசாட்சியாக இறந்தார்கள்’ என்று பிரசங்கத்தில் கேட்டுப் பழகிவிட்டோம். முதல் நூற்றாண்டு எழுத்தை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் சிலரே: செபெதேயுவின் மகன் யாக்கோபு, பேதுரு, பவுல், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு. தோமா மயிலாப்பூரில் குத்துப்பட்டு இறந்தார் என்ற மரபு நமக்கு உயிர் போன்றது. பரங்கிமலையில் ஏறி மண்டியிடுகிற யாரையும் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர் இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்திக்கு அது போதும். வாதத்துக்கு நான்கு பேரே போதும். நான்கை எட்டாகவும் பன்னிரண்டாகவும் பெருக்கினால் அந்த நான்கின் எடையும் குறைந்துவிடும்.

இத்தனையும் சேர்ந்து ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நம்பவைத்துவிடாது. கடவுள் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று முடிவுகட்டியவருக்கு, எந்தச் சான்றும் கடைசியில் வேறு ஏதோ ஒன்றாகத்தான் தெரியும். வரலாறு கொண்டுபோய் நிறுத்துவது ஒரு வாசல் வரை. இயேசு இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், கல்லறை காலியாக இருந்தது, நண்பர்களும் ஒரு பகைவரும் அவரை உயிரோடு கண்டதாகச் சொன்னார்கள், அதிலிருந்து பின்வாங்கவில்லை. இவ்வளவுக்கும் பொருந்தும் விளக்கம் எது என்று கேட்டால், அவர் உண்மையாகவே எழுந்தார் என்பதே என் பதில். மற்ற ஒவ்வொரு விளக்கமும் இவற்றில் ஒன்றுக்குப் பொருந்தி இன்னொன்றில் முறிகிறது.

யோசேபுவின் இரண்டாவது குறிப்பைச் சொல்வதாக இருந்தேன். கி.பி. 62. ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார், அடுத்தவர் அல்பீனு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் பிரதான ஆசாரியர் அன்னா என்பவர் ஆலோசனைச் சங்கத்தைக் கூட்டி, ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபை’யும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தார். நியாயப்பிரமாணத்தில் கண்டிப்பானவர்களே அதை வெறுத்து மேலிடத்துக்குப் புகார் செய்தார்கள். மூன்றே மாதத்தில் அன்னாவின் பதவி போயிற்று. யோசேபு இதைக் கிறிஸ்தவத்துக்காக எழுதவில்லை, ஒரு பதவிப்பறிப்புக்குக் காரணம் சொல்ல எழுதினார்.

இந்த யாக்கோபு தன் அண்ணனை நம்பாதவர். இயேசுவின் வீட்டார் அவர் புத்தி பேதலித்திருக்கிறார் என்று பிடித்துக்கொண்டுபோக வந்ததை மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்கிறார் யோவான். திருச்சபையின் தூணாக மதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றி இப்படி இட்டுக்கட்ட யாருக்கும் காரணம் இல்லை. சிலுவையின் அடியில் தாய் நின்றார், தம்பிமார் நின்றதாக எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவனைக் கடவுள் அனுப்பியவர் என்று ஏற்க ஒரு தம்பிக்கு என்ன ஆகியிருக்க வேண்டும் என்று, தம்பியாகவோ அண்ணனாகவோ இருக்கிற எவரும் யோசித்துப் பார்க்கலாம். அதுவும் அந்த அண்ணன் ஊரறியச் சிலுவையில் தூக்கப்பட்ட பிறகு.

பவுல் பேதுருவின் வீட்டில் தங்கிய அந்தப் பதினைந்து நாளில் யாக்கோபும் வந்து பேசியிருக்கிறார். இயேசுவை மறுதலித்த பேதுரு, நம்பாத யாக்கோபு, வேட்டையாடிய பவுல், மூவரும் ஒரே ஊரில். யாக்கோபு அங்கே என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு இயேசு எங்கே, எப்படித் தோன்றினார் என்று நான்கு நற்செய்திகளிலும் ஒரு வரி இல்லை. பவுலின் பட்டியலில் இரண்டு சொல் இருக்கிறது: ‘பின்பு யாக்கோபுக்கும்.’